அத்தானின் மீட்டரும் அக்காவின் தலைவலியும்

என் அத்தானைப் போலப் போகிற இடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. அக்காவின் கணவர். செல்போன் டவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சை அளப்பது அவர் வேலை. அரசு அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பிரிவு உண்டு; பிரிவு என்றால் அத்தானும் ஒரு டிரைவரும்தான். "எங்க தெருவுல டவரை வெச்சு எங்களைக் கொல்லப் பாக்கறாங்க" என்று யாராவது புகார் கொடுத்தால், இவர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். திட்டு வாங்கவே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அக்கா சொல்லுவாள். அவரைத் திட்ட ஊரில் யாருக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அக்காவின் கண் விஷயத்தில் அவரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனாலும் அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மீட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் வெள்ளையாக ஓர் உருண்டை. அதை ஏந்திக்கொண்டு மொட்டை மாடி, பால்கனி, படுக்கையறை என்று ஒவ்வோர் இடத்திலும் சிலை மாதிரி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் போனில் பேசக்கூடாது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அப்போதுதான் போன் வரும். "ஒரே ஒரு நிமிஷம் சார், முக்கியமான கால்" என்று இவர் காதுக்குப் பக்கத்திலேயே நின்று கத்துவார்கள். இவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கடைசியில் அளவு வரும். அனுமதித்த வரம்புக்கு எங்கேயோ கீழே இருக்கும். உடனே, "மீட்டரை வீட்டிலேயே செட் பண்ணிட்டு வந்துட்டீங்களா சார்?" என்பார்கள். கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்பார்கள். ஓர் அம்மா, தன் பிள்ளைக்குப் படித்தது எதுவுமே மண்டையில் நிற்கவில்லை, எல்லாம் டவரால்தான் என்றார். "அவன் கையில இருக்கற போனைக் கொஞ்ச நாள் வாங்கி வெச்சுப் பாருங்கம்மா" என்றாராம் இவர். கதவைப் படாரென்று சாத்திவிட்டார் அந்த அம்மா.

ஒரு குடியிருப்பில் ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து, டவரை எடுக்க வைத்தார்கள். அடுத்த மாதமே அந்தச் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார்.

"சிக்னலே இல்ல சார். எப்ப சரி பண்ணுவீங்க?"

"டவரை எடுங்கன்னு சொன்னது நீங்கதானே சார்?"

"டவர்தான் வேணாம்னு சொன்னோம். சிக்னல் வேணாம்னா சொன்னோம்?"

இதைச் சொல்லும்போது மட்டும் அத்தான் கொஞ்சம் சிரிப்பார். மற்ற நாளெல்லாம் வேலையிலிருந்து வந்தால் ஷூவைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் அப்படியே சாய்ந்து கிடப்பார். ஒரு தடவை தொண்டை கட்டிப்போய் வந்தார். ஒரு கட்டடத்தில் மொட்டை மாடியிலேயே ஆன்டெனாவைத் தாழ்வாக வைத்து, சுற்றிலும் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்களாம். குடியிருந்தவர்கள் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஆன்டெனாவின் மூஞ்சிக்கு நேராகக் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். "அங்க நிக்காதீங்க, அங்கதான் ஆபத்து!" என்று இவர் அலறியிருக்கிறார். "இவ்வளவு நாள் ஒண்ணுமில்லன்னு சொன்ன வாய்தானே இது?" என்று கேட்டுவிட்டு, நிதானமாகத் துணியை உதறிப் போட்டார்களாம். மனிதருக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும்? வருஷக்கணக்கில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவர் நாக்கு தேய்ந்து போயிருந்தது. "டவரால இல்லீங்க." தலைவலியா, டவரால இல்லீங்க. தூக்கம் வரலையா, டவரால இல்லீங்க. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பாள். ஊசி முனையில் வாழ்கிறவளுக்குக் கண்தானே சொத்து. அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலமானால், இடது புருவத்துக்கு மேலே யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி வரும். அந்தச் சமயம் பார்த்து எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒரு டவர் முளைத்தது. "தலைவலி வராம என்ன செய்யும்? அதான் எதிர்லயே எமன் மாதிரி நிக்குதே" என்று பக்கத்து வீட்டு டீச்சர் அடித்துச் சொல்லிவிட்டாள். வேறு யார் வீட்டில் புகுந்தாலும் பரவாயில்லை, அளக்கிறவர் வீட்டுக்குள்ளேயே அந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஜன்னலோரம் நின்றிருந்த அக்கா, அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். டவர் உச்சியில சிவப்பு விளக்கு எரியுதில்ல, அதைச் சுத்திக் கலர் கலரா வளையம் வருது. கதிர்வீச்சு வர்றது எனக்குக் கண்ணாலயே தெரியுது."

"கதிர்வீச்சு யார் கண்ணுக்கும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுதுன்னா தெரியுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அத்தான் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது நடந்திருக்கும், சண்டையில் ஏதாவது வெளியே வந்திருக்கும். அவர் மறுநாள் ஆபீஸ் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தையல் மெஷின் பக்கம், அடுப்புப் பக்கம், கட்டில் தலைமாட்டில் என்று எல்லா இடத்திலும் நின்று, ஊரார் வீட்டில் அளப்பதைவிடப் பொறுமையாக அளந்தார்.

"எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. நீ போனைக் காதுல ஒட்டி வெச்சுப் பேசறயே, அது இதைவிட அதிகம்."

"அப்ப எனக்கு ஏன் வலிக்குது?"

"டவரால இல்ல."

மீட்டரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அவள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. சொன்னது அப்பட்டமான உண்மை. அதனால்தான் வேறு எதையும் யோசிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா நம்புவாளா? வெள்ளி நிறத்தில் ஏதோ ஷீட்டை வரவழைத்து, அதைக் கறுப்புத் துணியில் வைத்துத் தைத்து, எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டாள். சாயங்காலமானால் விளக்கையும் அணைத்துவிட்டு அந்த இருட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வளையம் தெரியவில்லை, திரை வேலை செய்கிறது என்றாள். வலி மட்டும் கூடிக்கொண்டே போனது. நான் போயிருந்தபோது வீடு சினிமாக் கொட்டகை மாதிரி இருந்தது.

"டாக்டர்கிட்டப் போனியாடி?" என்று கேட்டேன். அவள் மூத்தவள்தான், ஆனால் கோபம் வந்தால் எனக்கு வாயில் அப்படித்தான் வரும்.

"டாக்டர் வந்து டவரைப் பிடுங்கிப் போடுவாரா?"

"அத்தான், நீங்களாவது சொல்லுங்களேன்!"

அவர் கண்ணை மூடியபடியே, "நாள் பூரா இதே பேச்சுத்தாம்மா. வீட்டுக்கு வந்தும் இதையே பேசணுமா? அவ திருப்திக்குத் திரை கட்டியிருக்கா, கட்டிக்கட்டும்" என்றார். அவருடைய சட்டையில் யாரோ தண்ணீரை ஊற்றிய கறை இருந்தது. அன்றைக்கு எந்தத் தெருவில் என்ன நடந்ததோ. எனக்கே பாவமாகிவிட்டது.

பிறகு ஒரு சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். பேச்சே வரவில்லை, வாந்தி எடுக்கிற சத்தம்தான் கேட்டது. அத்தானை முதலில் கூப்பிட்டிருக்கிறாள். அவர் எங்கேயோ ஒரு மாடியில் அளந்துகொண்டிருந்தார். அளக்கும்போது தன் போனை அணைத்து வைத்துவிடுவார். நான் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தால், இடது கண் ரத்தமாகச் சிவந்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது. நேரே கண் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனேன்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழி அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறிவிட்டதாம். இது முதல் தடவை இல்லையாம். வந்து வந்து போய், ஒவ்வொரு தடவையும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. "விளக்கைப் பார்த்தா சுத்தி வளையம் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார் டாக்டரம்மா. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இருட்டுல உட்காரவே கூடாது. இருட்டுல கண்பாப்பா விரிஞ்சு அந்த வழியை இன்னும் அடைச்சிடும். இந்த மாதிரிக் கண்ணுக்கு இருட்டுதான் விஷம்" என்றார். வலது கண்ணுக்கும் அதே அமைப்புத்தான். லேசரில் சின்னதாக ஒரு துளை போட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார். இடது கண்ணில் போன பார்வை போனதுதான்.

அத்தான் ஓடி வந்தபோது மீட்டர் பை தோளிலேயே இருந்தது. வரட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கிறேன் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் டாக்டரம்மா கேட்டுவிட்டார்.

"எவ்வளவு நாளா வலி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா."

"வளையம் தெரியுதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அளந்து பார்த்தேன் டாக்டர்."

"கண் அழுத்தத்தையா? எங்க அளந்தீங்க?"

"இல்ல" என்றார் அத்தான். "வீட்டை."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு, கட்டிலருகில் அவருக்கு வழி விட்டேன்.

அவர் கட்டிலின் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அந்தப் பக்கத்துக் கண்ணில் கட்டு. தோளிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். அப்படி ஒரு பெரிய உடம்பு குலுங்கி நான் பார்த்ததில்லை.

"அந்தப் பக்கம் நின்னு அழுதா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் வாங்க. இதுலதான் நான் உங்களைப் பார்க்க முடியும்."