பலகை நட்டவர் போடச் சொன்ன வெடி

இந்தக் கண்மாயில் பறவைகளைக் கலைத்தவர் வேறு யாருமில்லை, 'பறவைகள் ஓய்வெடுக்கும் இடம், சத்தம் போடாதீர்கள்' என்று கரையில் பலகை நட்ட அதிகாரிதான்.

தை மாதக் காலை. ஏழாயிரம்பண்ணை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிக் கரையேறி நிற்கிறேன். தண்ணீர் அசையவில்லை. நடுவில் ஊசிவால் வாத்துகள் தலையை முதுகில் செருகித் தூங்குகின்றன. ஓரச் சேற்றில் உள்ளான் குருவிகள் இரை குத்துகின்றன. குளிர்நாட்டிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்தவை.

பக்கத்திலிருக்கும் வெடிக் கம்பெனிக்கு இன்று லீவு. அங்கே வேலை பார்க்கும் கருப்பசாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார். என் பைனாகுலரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது.

"பறவை பாக்க வந்தீகளா? செத்த இருங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு வெடியை எடுக்கிறார். "இதைப் போட்டா அம்புட்டும் மேல எந்திரிக்கும். நல்லாப் பாக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "அண்ணாச்சி, பலகையில என்ன எழுதியிருக்கு?"

"அதை நட்ட ஆபீசரே ரெண்டு போடச் சொன்னாரு. பறக்குற மாதிரி போட்டோ வேணுமாம். வாரவுக எல்லாருக்கும் அதான் பிடிக்கும்னு நெனைச்சேன். அன்னைக்குப் போன நாரைக இன்னும் திரும்பல."

"போடாதீங்க. தூங்கட்டும்."

"தூங்குறதைப் பாக்கவா பஸ் ஏறி வந்தீக?" சிரித்தபடி வெடியைப் பைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்காருகிறார். ஒரு வாத்துகூடத் தலை தூக்கவில்லை.

அதிகாரி அவர்களே, அந்தப் போட்டோவை எடுத்த கதையை இதே பலகைக்குக் கீழே நின்று ஊர் முன்னால் சொல்லுங்கள்.