உதடு படாமல் ஊதியது

எங்கள் வீட்டில் யார் குளித்துவிட்டு வந்தார்கள் என்பதை ஈரத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் கணவர் வந்திருந்தால் முழுப் பாதமும் பதிந்திருக்கும். நான் வந்திருந்தால் முன்னால் ஐந்து விரல், பின்னால் ஒரு குதிகால், நடுவில் ஒன்றும் இருக்காது. என் பாதம் அப்படி வளைந்தது. அடியில் ஓர் எலி குனியாமல் போய்வரலாம். என் மகளுக்கும் அதே கால்தான். எனக்கு அதைக் கொடுத்தவர் என் அப்பா. நகை போட்டுக் கட்டிக்கொடுக்க வழியில்லாதவர், காலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாதத்தின் முன்பக்கத்தை என்னால் தூக்க முடியாது. அதனால் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து நடப்பேன். பாதம் பட்டென்று தரையில் விழும். செருப்பு சில நேரம் கழன்று எனக்கு முன்னால் போய் நிற்கும். அப்போது சிங்கப்பூர் மார்சிலிங்கில் ஏழாவது மாடியில் இருந்தோம். லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஐந்தில் இறங்கி நான் இரண்டு மாடி ஏறிவரும் சத்தத்தைக் கேட்டே என் கணவர் கதவைத் திறந்துவிடுவார். நானோ யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற ஆள். கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறவள். அப்படிப்பட்டவளுக்குப் போய் ஆண்டவர் தட்டி முழக்குகிற காலைக் கொடுத்தார்.

மகளுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், எண்பதுகளின் தொடக்கம், எனக்கு இருமல் வந்து ஒன்றரை மாதம் போகவில்லை. படி ஏறினால் மூச்சும் வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் என் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்த்தார். சுத்தியலால் முழங்காலில் தட்டினார். அது அசையவே இல்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு, இது பரம்பரையாக வருகிற நரம்பு வியாதி என்றார். மூன்று வெள்ளைக்காரர்களின் பேரைச் சேர்த்து அதற்கு வைத்திருக்கிறார்களாம். என் ஒரு காலைக் கண்டுபிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்திருக்கிறது.

"கையும் காலும்தான் இதுல பலவீனமாகும். ஆனா சில பேருக்கு மூச்சு வாங்குற தசையையும் தொடும். அதையும் பாத்துடுவோம்" என்றார்.

என் அப்பா நாற்பத்தெட்டு வயதில், மூச்சு வாங்கி வாங்கித்தான் போனார். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் அந்தக் கழித்தல் கணக்கு உடனே வந்துவிட்டது.

டாக்டர் சீனராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் தமிழர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட இளையவர். நம் ஆள் என்றதும் என் கூச்சம் இரண்டு பங்காகிவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார், தலையை ஆட்டினேன். காலையில் தலைவலி இருக்கிறதா என்றார், அதற்கும் ஆட்டினேன். படித்த பிள்ளை இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்வது மரியாதையாகப் படவில்லை.

பிறகு ஒரு நர்ஸ் என்னை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். ரேடியோப் பெட்டி போல ஒன்று மேசைமேல் இருந்தது. அதிலிருந்து நெளிநெளியாக ஒரு குழாய், அதன் முனையில் அட்டையால் செய்த சின்ன வாய்க்குழல். ஊதினால் பெட்டிக்குள் இருக்கும் பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே ஏறும். நர்ஸ் சீனப் பெண்மணி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் மலாயில் பேசினாள். என் மூக்கில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினாள்.

"கக்கா, தியூப்! குவாட்! குவாட்!" என்றாள். அக்கா, ஊது, பலமாக ஊது என்று அர்த்தம்.

என் அம்மா எங்களை வளர்த்த விதத்தைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். எங்கள் வீட்டில் தம்ளரில் உதடு படாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தின்னக்கூடாது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூடாது. "ஞானஸ்நானம் வாங்கினா பாவம்தான்டி போகும், எச்சில் போகாது" என்பார் அம்மா. அந்த வாய்க்குழலைப் பார்த்தேன். எத்தனை பேர் வாயிலிருந்து வந்ததோ! வாசலில் டாக்டர் வேறு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் பக்கத்தில் என் கணவர்.

நான் முந்தானையை எடுத்து வாயையும் குழலையும் சேர்த்து மூடிக்கொண்டேன். உள்ளே, குழல் உதட்டில் படாமல் ஒரு நூல் தள்ளிப் பிடித்து, சூடான காப்பியை ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதினேன். பாதி மூச்சு முந்தானைக்குள்ளேயே போயிருக்கும்.

நர்ஸ் பேனாவைப் பார்த்தாள். "லாகி, லாகி" என்றாள். இன்னும், இன்னும். மூன்று முறை அதே காப்பியை ஆற்றினேன்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர், "இப்ப படுத்துட்டு ஊதுங்கம்மா" என்றார். இரண்டு ஆண்கள் நிற்கிற அறையில் கட்டிலில் மல்லாந்து படுப்பதாவது! படுத்தேன். ஒரு கை புடவைக் கரையைக் கணுக்காலுக்கு இழுத்துப் பிடித்திருந்தது, ஒரு கை முந்தானையை வாய்மேல் பிடித்திருந்தது. மிச்சமிருந்த மூச்சில் ஒரு பெருமூச்சு விட்டேன். பேனா எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

காகிதத்தைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசை இருக்கிறதாம். அது சோர்ந்துபோனால், உட்கார்ந்து ஊதுவதைவிடப் படுத்து ஊதும்போது மூச்சு ரொம்பக் குறையுமாம். எனக்கு அப்படியே குறைந்திருக்கிறது. ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

"எத்தனை வருஷம் டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"அதெல்லாம் இப்ப பேச வேணாம்" என்றார் டாக்டர்.



என் கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். எது உடைந்தாலும் ஒட்டவைத்துவிடலாம் என்று நம்புகிறவர். மறுநாளே என் தலைக்கு மூன்று தலையணை வந்தது. நான் ராத்திரியெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தூங்கினேன். பாட்டுக் குழு கூடாது, மாடிப்படி கூடாது, அடுப்படிப் புகை கூடாது. சமையலை அவரே எடுத்துக்கொண்டார். நான் அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். நான் போன பிறகு பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாதே.

"புளியைக் கரைச்சு ஊத்துங்க. உருண்டையாப் போடாதீங்க."

"கொதிச்சா தானா கரையாதா?"

"ரசம் கொதிக்கக்கூடாதுங்க. நுரை கட்டினதும் எறக்கிடணும்."

"நுரைன்னா எவ்ளோ? அளவு சொல்லு லா! வேலைன்னா அளவு வேணும்."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. சாகப்போவதில் இப்படியும் ஒரு வசதி இருந்தது. மகள் ஒரு வாய் ரசத்தைக் குடித்துவிட்டு, "அப்பா, இதுல வெல்டிங் வாசனை அடிக்குது" என்றாள்.

அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஏழாவது மாடி வீட்டில் எந்தப் பேச்சு எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கும்? ஒரு சனிக்கிழமை அவள் கீழே மாமாக் கடை என்கிற பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்து, சோபாவில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். கன்னம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. பலூன் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றது.

"என்னடி, யாருக்குப் பர்த்டே?"

"யாருக்கும் இல்ல. டெஸ்ட் பண்றேன்." பலூனை விட்டாள், அது புஸ்ஸென்று சுருங்கியது. "எனக்கு ஒங்க கால்தானேம்மா. அப்ப மூச்சும் ஒங்க மூச்சுதானே? எனக்கு எலுமிச்சம்பழம்தான் வருது."

நான் நாற்பத்தெட்டிலிருந்து முப்பத்து மூன்றைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்பதைக் கழிக்க ஆரம்பித்திருந்தாள்.

"புது பலூன் ஊதக் கஷ்டமாத்தான் இருக்கும். இழுத்துவிட்டு ஊதணும்" என்றேன்.

"நீங்க ஊதிக் காட்டுங்க." அவள் வாயில் வைத்ததை நீட்டினாள்.

"ச்சீ, எச்சில்." பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். பெற்ற பிள்ளை முன்னால் கன்னத்தை உப்பவும் எனக்குக் கூச்சம். யாரும் இல்லை. பலூனை இரண்டு இழு இழுத்தேன், உதட்டில் இறுக்கி வைத்தேன், ஊதினேன். எலுமிச்சம்பழம் ஆரஞ்சானது. தேங்காயானது. பூசணிக்காய் அளவுக்கு வந்தபோது, வெடித்துவிடுமோ என்று நானே பயந்து நிறுத்தினேன். சந்தேகம் வந்து இன்னொன்று எடுத்துவர வெளியே போனேன். மகள் என் கையிலிருந்த பூசணிக்காயைப் பார்த்தாள்.

"அம்மா! ஒங்களுக்கு மூச்சு இருக்கு! அப்புறம் ஏன் ஆஸ்பத்திரில வரல?"

அவளிடம்தான் முதலில் சொன்னேன். முந்தானை, எச்சில், காப்பி, எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

"அப்பா! அம்மா ஊதவே இல்லியாம்! வெக்கமாம்!"

என் கணவர் கரண்டியோடு வந்தார். பலூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெக்கமா? எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா? ஒரு மாசமா நான் எந்திரிச்சு எந்திரிச்சு நீ மூச்சு விடறியான்னு பாத்துக்கிட்டிருக்கேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மூன்று தலையணையிலும் நான் நன்றாகவே தூங்கியிருக்கிறேன்.

ஆறாவது வாரம் போனோம். என் கணவர் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். நல்ல பிள்ளை. நர்ஸ் என் கண் முன்னாலேயே ஓர் உறையைக் கிழித்துப் புதிய வாய்க்குழலை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொருவருக்கும் புதிதுதானாம், போன தடவையும் புதிதுதானாம். நான் அத்தனை நோயாளிகள் மேலும் வீணாகப் பழி போட்டிருந்தேன்.

"சரி, எல்லாரும் செவத்தைப் பாருங்க" என்றார் டாக்டர். அவர் நுரையீரல் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றார். என் கணவர் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்து நின்றார், மிஸ்ஸிடம் தண்டனை வாங்கிய பையன் போல. நர்ஸும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கிருந்தே "குவாட்!" என்று கத்தினாள்.

முந்தானையை இடுப்பில் செருகினேன். குழலை உதட்டால் கவ்வினேன். மகளின் எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொண்டேன். ஊதினேன். என் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. கோயிலில் இருபது வருஷம் அசைத்த வாயெல்லாம் சேர்ந்து ஊதிய மாதிரி இருந்தது. பேனா காகிதத்தில் மேலே மேலே ஏறியது. பிறகு திரையை இழுத்துவிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, படுத்தும் ஊதினேன். பேனா மறுபடியும் ஏறியது.

டாக்டர் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "படுத்தாலும் ஒக்காந்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தசை நல்லா இருக்கு. அந்த இருமலாலதான் மூச்சு வாங்கியிருக்கு. சரி, உண்மையைச் சொல்லுங்க, காலையில தலைவலி இருக்கா?"

"இல்ல" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் சொன்ன முதல் 'இல்ல' அதுதான்.

"ஒங்க அப்பா சிகரெட் குடிப்பாரா?"

"அவரு எப்ப குடிக்காம இருப்பாருன்னு கேளுங்க டாக்டர்" என்றார் என் கணவர். "மாமா பக்கத்துல நின்னா நமக்கே இருமல் வரும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, போன தடவை கேட்டதையே கேட்டார். "எத்தனை வருஷம் டாக்டர்?"

"இந்த வியாதி உள்ளவங்க பெரும்பாலும் மத்தவங்க இருக்கிற வரைக்கும் இருப்பாங்க. கால் தொந்தரவு குடுக்கும், கை தொந்தரவு குடுக்கும். மூச்சு சில பேருக்குத்தான் குறையும், அதுவும் மெல்ல மெல்ல. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஊதிட்டுப் போங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க." அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றையும் என்னிடம் கொடுத்தார்.

வீட்டு வாசலில் மகள் காத்திருந்தாள். காகிதத்தை வாங்கி, கோட்டின் மேல் விரல் வைத்து அடியிலிருந்து உச்சிவரை ஏற்றிப் பார்த்தாள்.

"எனக்கும் இவ்ளோ வருமா?"

"ஒனக்கு இதுக்கு மேல வரும். நான் பேசாதவ, எனக்கே இவ்ளோ. நீ வாயாடி."

அவள் பாக்கெட்டிலிருந்து ஒரு பலூனை எடுத்து, நான் சொன்ன மாதிரி இழுத்துவிட்டு ஊதினாள். ஆரஞ்சு வரை வந்தது. போதும் என்று முடிச்சுப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

என் கணவர் என் கட்டிலிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "சரி, இனிமே நீயே ரசம் வை."

எனக்கு எப்படி அந்தத் துணிச்சல் வந்ததோ! இடுப்பில் செருகிய முந்தானையை நான் இன்னும் எடுத்துவிடவில்லை, அதனால் இருக்கலாம்.

"டாக்டர் வருஷா வருஷம் ஊதிப் பாக்கணும்னாரு இல்ல? அடுத்த வருஷமும் நல்லா வருதான்னு பாத்துட்டு வைக்கிறேன்" என்றேன்.

இப்போது செங்காங்கில் இருக்கிறோம், மகள் இருக்கும் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பக்கத்துப் புளோக்கில். எனக்கு எழுபத்தாறு ஆகிறது. கையில் ஊன்றுகோல், காலில் பிளாஸ்டிக் பட்டை. ஆனாலும் ஒரு வருஷமும் தவறாமல் போய் ஊதிவிட்டு வருகிறேன். ரசம் இன்னும் அவர்தான் வைக்கிறார். புளியை இப்போது கரைத்துத்தான் ஊற்றுகிறார்.