தொப்பையை அவிக்கப் பார்த்தேன்

தொப்பை என்பது கச்சாப் பட்டின் மேல் ஒட்டியிருக்கும் பசை மாதிரிதான் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

இந்த முட்டாள்தனம் மற்ற ஊர்க்காரனுக்கு வராது. நான் காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருப்பவன். கச்சாப் பட்டைக் கையில் எடுத்தால் முரமுரவென்றிருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை அவித்தால் பசை கழன்று, நூல் மெத்தென்று ஆகிவிடும். முன்னால் போட்ட எடைக்கும் பின்னால் போட்ட எடைக்கும் ஏறக்குறைய கால் பங்கு வித்தியாசம் வரும். அதற்குப் பிறகுதான் சாயம். இருபது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டே இருப்பவனிடம், சூடான ஒரு தண்ணீர் உடம்பின் கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் அவன் ஏன் நம்பமாட்டான்?

சொன்னவன் பக்கத்துத் தாமல் கிராமத்தில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி. ஏரி நிறைந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தான். நான் கரைமேல் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், "மாமா, உனுக்கு முன்னாடியே உன் வயிறு வந்து சேந்துடுச்சிபா" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்; அவள் சிரித்ததுதான் எனக்கு உறைத்தது. கிளம்பும்போது ஒரு கிரீன் டீ டப்பாவைக் கையில் திணித்து, குடித்தால் கொழுப்பு ஓடிப்போகும் என்று செல்போனில் ஒரு வீடியோவையும் காட்டினான்.

டப்பாவில், பையைச் சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்துவிடச் சொல்லிப் போட்டிருந்தது. அப்படிச் செய்து பார்த்தேன். எடுத்த பையைப் பிழிந்தால் இன்னும் சாயம் வந்தது. தொட்டியில் சாயம் மிச்சமிருக்கும்போது நூலை வெளியே தூக்குகிறவனுக்கு எங்கள் தொழிலில் சோறு கிடையாது. ஆகவே பட்டறை அடுப்பிலேயே ஒரு சொம்பு தண்ணீர் வைத்து, நாலைந்து பைகளை ஒன்றாகப் போட்டு, பையே வெளுத்துப் போகும்வரை கொதிக்கவிட்டேன். தேக்குமர வார்னிஷ் நிறத்தில் ஒன்று இறங்கியது. அவிக்கப்போகிற நூலில் அழுக்கு ஒட்டியிருக்கக் கூடாது என்பதும் எங்கள் சட்டம் என்பதால் வெறும் வயிற்றில் குடித்தேன். கசப்பு காதுவரை ஏறியது. வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன்.

வேலையும் செய்தது. முதல் சில நாட்கள் எனக்கு வந்த சுறுசுறுப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தொட்டிகளையெல்லாம் தேய்த்துக் கழுவினேன். நூல் கழிகளை நிறவாரியாக அடுக்கினேன். யாரும் கேட்காமலே பக்கத்துத் தறிக்காரர் வீட்டு வாசலையும் பெருக்கினேன். தூக்கம் வராததைக்கூட, உடம்பு லேசாகிவிட்டால் தூக்கம் எதற்கு என்று பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். மனைவி, "இன்னாத்துக்கு இப்பிடி கண்ண முழிச்சிக்கினு திரியற?" என்று கேட்டபோது, பசை போய்க்கொண்டிருக்கிறது என்று பதில் சொன்னேன்.

பிறகு ஒரு காலை. கிளிப்பச்சைத் தொட்டியில் நூல் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ மின்தறியைப் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு இன்னொரு தொழில் உண்மை ஞாபகம் வந்தது: அளவுக்கு மீறி அவித்த பட்டு இழை இழையாகப் பிரிந்து பஞ்சாகிவிடும். அதை எந்தச் சாயமும் காப்பாற்றாது. அவ்வளவுதான், என் இதயம் அதிகமாக அவிந்துவிட்டது என்று முடிவுகட்டி, தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால். கோயில் மதில் ஓரமாகப் போகும்போது கோபுரத்தைப் பார்த்து, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பயம் முழுசாகப் பிடித்தது அங்கேதான். சாவதைக்கூட விட்டுவிடுங்கள்; என் கிளிப்பச்சை என்னோடு போய்விடுமே. ஊரில் பலரும் கேட்டும் யாருக்கும் சொல்லாத பக்குவம் அது. என் நூலில் மட்டும் ஒரு மினுமினுப்பு, கையில் கசக்கினால் ஒரு கரகரப்பு. எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் கைராசி என்று சொல்லி அனுப்பியவன் நான்.

மனைவியின் காதருகே குனிந்தேன். "இந்தா மா, நல்லா கேட்டுக்க. கடைசி அலசல் தண்ணியில மத்தவங்க மாதிரி ஆசிட்டு ஊத்தமாட்டேன். எலுமிச்சம்பழம் புழிவேன். அதான் சூட்சுமம். நீதான் பட்டறைய பாத்துக்கணும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதான் ஊட்ல பழம் நிக்கவே மாட்டேங்குதா? கல்யாணமாயி வந்ததுலேருந்து எலி தூக்கினு போவுதுன்னு பொறி வெச்சிக்கினு கெடக்கறேன் நானு."

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

டாக்டரம்மா கூப்பிட்டார். காகிதத்தைப் பார்த்தபடியே என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை, கிரீன் டீ மட்டும் என்றேன். எப்படிப் போடுவீர்கள் என்றார். தொழில்காரனுக்குரிய கர்வத்தோடு முழுப் பக்குவத்தையும் சொன்னேன்: பை எத்தனை, கொதி எவ்வளவு, சாயம் எப்படிக் கடைசிச் சொட்டுவரை இறங்கியது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்பா, அது இன்னா பொடவையா? காப்பியில இருக்கிற அதே சமாச்சாரம் அதுலயும் இருக்குது. இப்படி காய்ச்சி வெறும் வயித்துல ஊத்தினா யாருக்குதான் படபடன்னு வராது?"

பிறகு பொறுமையாகவே விளக்கினார். லேசாகப் போட்டு, சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, பகலில் ஒன்றிரண்டு கோப்பை குடித்தால் கெடுதல் இல்லை; சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாக என்றால் நல்லதுதான். ஆனால் தொப்பையை அது அவித்து எடுக்காது; அதற்கு நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் என் மனைவியிடம், சாப்பாட்டோடும் மாத்திரையோடும் சேர்த்து இதைக் குடிக்காதே, சத்து உடம்பில் சேராது என்றார். அவள், அந்தக் கஷாயத்தை நான் மோந்துகூடப் பார்க்கமாட்டேன் டாக்டர் என்றாள்.

திரும்பி வரும்போது சந்தையோரம் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கினாள். பாதி பட்டறைக்கு, பாதி வீட்டுக்கு, வீட்டுப் பங்கில் கை வைத்தால் பொறி எனக்குத்தான் என்றாள். கிளிப்பச்சைக்குக் கடைசி அலசலை இப்போது அவள்தான் போடுகிறாள். போன வாரம் நூல் வாங்க வந்தவர், பச்சை முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது என்றார். நான் கைராசி என்றேன். உள்ளேயிருந்து ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். இதயத்துக்கு ஒன்றுமில்லை. கிளினிக்கிலிருந்து வந்த அன்று மதியம் தயிர்சோறு சாப்பிட்டுப் படுத்தேன், எழுந்தபோது படபடப்பு அடங்கியிருந்தது. பட்டறைத் தராசில் ஏறிப் பார்த்தேன். எடை குறையவில்லை.