பாலில்லாத சாமான் வாங்கப் போனது

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு லாரி கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் கடற்கரை ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது என்று ஊர் ஊராகப் போய்விட்டேன். மழைக்காலத்தில் அந்த ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் ஒரு வேளைச் சாப்பாடுதான். இப்போது சங்கரன்கோவிலில் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா மகனுக்கு முப்பத்தி நாலு வயது. பார்த்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயின. கடைசியில் பெங்களூரில் அவனே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். பெண்ணுடைய அப்பாவுக்குப் பூர்வீகம் புளியங்குடி என்றதும் அக்காவுக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் பெற்றவர்களும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். அதனால் அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் இலையில் உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமை மகன் போன் செய்தான். பெண் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது.

"நம்மளும் சைவந்தானலே?" என்றாள் அக்கா.

"சைவம் வேற, இது வேறக்கா. மாட்டுகிட்ட இருந்து ஒண்ணும் வாங்க மாட்டாக. கோவாவுல வெள்ளக்காரன் பாதிப் பேரு இப்படித்தான்."

அக்கா யோசித்தாள். "அப்போ வாசல் தெளிக்கச் சாணி?"

"அதத் திங்கவா சொல்லப் போற?"

"நீ நாலு ஊரு பாத்தவன். நீயே போயி அந்தப் பிள்ள திங்கிறத வாங்கிட்டு வா" என்று பையை என் கையில் கொடுத்தாள். பாத்திரம் கழுவிய அனுபவத்துக்கு அன்றைக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது.

ராஜபாளையம் ரோட்டில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். உள்ளே ஏசி. வெயிலுக்குப் பாதிப் பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சீருடை போட்ட விற்பனைப் பெண்ணிடம், "வீகன் சாமான் எங்கன இருக்கும்மா?" என்றேன்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"பால், நெய், தயிரு எதுவும் தொடாதவகளுக்கு."

அவள் முகத்தில் பக்தி வந்துவிட்டது. "மால போட்டிருக்காகளா?"

"இல்ல."

"அப்போ பெரிய வெரதந்தான்" என்று அவளே முடிவு செய்து, விரதச் சாமான் வரிசைக்குக் கூட்டிப்போனாள். ஜவ்வரிசி, பேரீச்சம்பழம், கற்கண்டு என்று என் கூடையில் எடுத்துப் போட்டாள். "வெங்காயம், பூண்டு கண்டிப்பா சேக்கக் கூடாது" என்று எச்சரித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நெய் பாட்டிலை வைத்தாள்.

"ஏம்மா, நெய்யும் ஆகாதுன்னுதான சொன்னேன்?"

"இது சுத்தமான பசு நெய்யி அண்ணாச்சி. வெரதத்துக்கு இதுல என்ன தோசம்?"

விரதமில்லை என்று விளக்கப் போனால் பொழுது விடிந்துவிடும். நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் விடவில்லை, கூடவே வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தது. பச்சைப் புள்ளி மாமிசத்துக்குத்தான் காவல், மாட்டுப் பாலை அது தடுக்காது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. என் இங்கிலீஷ் லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதோடு சரி. அவளையே வாசிக்கச் சொன்னேன்.

"பால் பவுடர் இருக்கு அண்ணாச்சி." அடுத்த பாக்கெட், பால் பவுடர். மசாலா சிப்ஸில் வெண்ணெய். எருமை புகாத அலமாரியே அந்தக் கடையில் இல்லை. தேடித் தேடிப் பாதாம் பால் டப்பா ஒன்றை எடுத்தால், அதில் தேன்.

ஐஸ்கிரீம் பெட்டிக்கு அடியில் ஒரு பாக்கெட் உறைந்து கிடந்தது. மேலே பொரித்த கோழிக் காலின் படம், ஓரத்தில் பச்சைப் புள்ளி. செடியில் செய்த கோழி. கோவாவில் இதே சாமான் மிச்சம் வந்த தட்டுகளைக் கழுவியிருக்கிறேன். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி கூடையில் போட்டேன். பக்கத்து அலமாரியில் தேங்காய்ப் பால் டப்பா இருந்தது.

"இதப் போயி யாரு டப்பால வாங்குவா?" என்றாள் அந்தப் பெண். "தேங்கா துருவக்கூட வீட்ல ஆளில்லையா அண்ணாச்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொதி. தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சி, எலுமிச்சம்பழம். மாடு எட்டிக்கூடப் பார்க்காத குழம்பு. கோழிப் பாக்கெட்டுக்கு மட்டும் பில் போட்டுவிட்டு, வெளியே வந்து தேங்காய் வாங்கினேன்.

அக்கா முதலில் பார்த்தது கோழிக் காலைத்தான்.

"சைவ வீட்டுக்குள்ள கோழியக் கொண்டாந்துட்டியே, பாவி!"

"பயறுக்கா அது. வேசம் போட்டிருக்கு."

"வேசத்த வெளியவே கலைச்சிட்டு வரச் சொல்லு."

சொதியைச் சொன்னதும் இன்னும் கோபம் வந்தது. "ஏலே, அது கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துக்கு ஆக்குறது. பேச்சே முடியல, அதுக்குள்ள சொதி வச்சா, அலையுதாகன்னு நெனைக்க மாட்டாகளா?"

"வேற என்ன வைப்ப?"

அவியல் என்றாள், தயிர். பாயசம் என்றாள், பால். ரசம் என்றாள், அவள் நெய்யில்தான் தாளிப்பாள். விரல் விட்டு எண்ணி முடித்ததும், "ஞாயித்துக்கெழம தேங்காய நீதான் துருவணும்" என்றாள்.

பருப்புக்கு மேல் நெய் விடாமல் அக்காவால் பரிமாற முடியாது. கை தானாகப் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நெய்க் கிண்ணத்தை என் மொபெட் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள். பெண்ணுடைய அம்மா சுவர் ஈரத்தையும் பார்த்தார். "காப்பி போதும், சாப்பாடெல்லாம் வேண்டாம். இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம்" என்றார் அப்பா. அக்கா முகம் செத்துவிட்டது. காப்பி எடுக்க அவள் அடுக்களைக் கதவைத் திறந்தபோது வாசனை கூடத்துக்கு வந்தது.

"சொதியா வச்சிருக்கீக?" என்றார் பெண்ணுடைய அப்பா.

"ஆமா."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டவில்லை. "வெறும் வாசத்தோட பெங்களூருக்குப் போக முடியாது" என்று அவரே போய் இலையில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அந்த அம்மாவும் உட்கார்ந்தார்.

பெண் மட்டும் தயங்கி நின்றாள். "இதுல பால் இருக்கா?"

"தேங்காப் பாலுதான் தாயி. தைரியமா உக்காரு" என்றேன். அவள் காலையிலிருந்து வாழைப்பழத்தில் ஓடிக்கொண்டிருந்தாளாம். மூன்றாம் முறையும் சொதி கேட்டாள். அக்கா கை அலமாரியில் தடவியது.

"ஏலே, நெய்க் கிண்ணம் எங்க?"

"பூன தட்டி விட்டுட்டுக்கா."

சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சிப் பச்சடியை நக்கி முடித்த பெண்ணின் அப்பா நிமிர்ந்தார். "மறுவீட்டுச் சாப்பாட்டையே போட்டுட்டீக. இனி நாள் பாக்குறத விட்டா நமக்கு என்ன வேல?"

அந்த அம்மா அவரை முறைத்தார். ஆனால் மோர் கேட்காமல், சொதியே இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "வாசல்ல சாணி தெளிச்சத அந்தப் பிள்ள பாத்திருக்குமோ?" என்றாள் ரகசியமாக.

கோழிப் பாக்கெட்டை அன்று சாயங்காலம் மாடியறை அடுப்பில் நானே வறுத்துத் தின்றேன். மீல்மேக்கர்தான், படத்துக்குத்தான் காசு. நெய் ஞாபகம் மறுநாள்தான் வந்தது. சித்திரை வெயிலில் உருகி, பெட்டிக்குள் இருந்த துணி, திருப்புளி, ஆர்சி புத்தகம் எல்லாம் ஊறிப்போயிருந்தன. இப்போது போலீஸ்காரர் வண்டியை மறித்து ஆர்சியைக் கேட்டால், வாங்கி முதலில் மோந்துதான் பார்க்கிறார்.