நெல்லில் நடந்த யோகா

எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் சொன்னதும், போனில் வீடியோவைப் போட்டு வீட்டிலேயே யோகா சொல்லித்தர ஆரம்பித்தேன்.

"கண்ண மூடு! மூச்ச இழு! ஆடாதன்னு சொல்றேன் இல்ல?" என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற மாதிரி கத்துவேன். ஒரே வாரத்தில், பாயைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

அந்த ஞாயிறு மொட்டை மாடியில் அவித்த நெல்லைக் காயப்போட்டிருந்தோம். "காலால கெளறிக்கினு இரு," என்று அவளை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சத்தமே இல்லை. எதையோ உடைத்துவிட்டாள் என்று கையை ஓங்கிக்கொண்டே மேலே ஏறினேன்.

அவள் நெல்லில் நடந்துகொண்டிருந்தாள். பாதத்தைத் தூக்காமல் மெல்ல இழுத்து, கோடு நேராக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. வீடியோவில் சொன்னதெல்லாம் இதுதானே!

என்னைப் பார்த்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அது என்னைச் சுட்டது. ஓங்கிய கையால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் நெல்லில் இறங்கினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இன்னாம்மா ஜல்தியா போற? கோடு கோணலாவுது பாரு."

"சரிங்க டீச்சர்."

"பேசக் கூடாது!"

இப்போது காலையில் அவளே பாய் விரிக்கிறாள். நான் பேசக் கூடாது என்பது மட்டும்தான் அவள் நிபந்தனை. எல்லா ஆசனத்தையும்விட எனக்கு அதுதான் கஷ்டம். பழகிக்கொண்டிருக்கிறேன்.