நீட்டிய சிகரெட்

இர்பித் நகரத்து மினிபஸ் ஓட்டுநர் முஃப்லிஹுக்கு வேப் என்கிற அந்த மின்சிகரெட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. இதய அடைப்புக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு சிகரெட்டை விட்டு இதற்கு மாறியிருந்தான். சட்டைப் பையில் ஒழுகும். மேட்டில் வண்டி திணறும் நேரம் பார்த்து சார்ஜ் தீரும். ஏறுகிறவர்கள் அதன் வாசனைக்கு மூக்கை உறிஞ்சி, "என்னப்பா, வண்டிக்குள்ள மாம்பழம் விக்கிறியா?" என்பார்கள். சிகரெட்டாவது ஒன்று தீர்ந்ததும் கை ஓயும். இந்தச் சனியன் தீர்வதே இல்லை, நாள் முழுக்க வாயில்தான்.

மாமாவின் துக்க வீட்டுக்கு வந்தபோதும் அது கையில் இருந்தது. எதிர் வரிசையில் அண்ணன் அவாத் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் வீட்டைப் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று முஃப்லிஹ் ஏங்கிக் கிடந்தான். தானே போய்ப் பேச வீம்பு விடவில்லை.

கசப்புக் காபி ஒரு சுற்று வந்து போனது. அவாத் எழுந்து நேரே அவனிடம் வந்தார். புது சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை மேலே தட்டி நீட்டினார். கூடமே திரும்பிப் பார்த்தது. வாங்கினால் சமாதானம், மறுத்தால் பகை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முஃப்லிஹின் கை, பாழாய்ப்போன பழக்கத்தில், வேப்பைத் தூக்கிக் காட்டியது. "நான் இதுக்கு மாறிட்டேண்ணே."

அவாத்தின் முகம் கறுத்தது. "சரிதான். என் கையால வாங்க மாட்டே." விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

அப்போதுதான் முஃப்லிஹுக்கு உறைத்தது. அண்ணன் வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பற்றவைத்தவர் இல்லை. தம்பிக்கென்றே, அவன் முன்பு பிடித்த ரகத்தையே கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அடி முட்டாளே என்று தன்னைத் திட்டிக்கொண்டே ஓடி, காரருகே அவரை மறித்தான்.

"குடுண்ணே, ஒண்ணு குடு. குடிக்கிறேன்."

"அங்க வேணாம்னு சொல்லிட்டு, இங்க எதுக்குடா?"

"டாக்டர் விடச் சொன்னாரு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு."

அவாத்தின் கைக்குள் பாக்கெட் நசுங்கியது. "எப்போ?"

"குளிர்காலத்துல."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவாத் அவன் தோளில் ஓங்கி ஓர் அறை விட்டார். "செத்திருந்தா, அதையும் சொல்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பியாடா?"