நாற்பது நொடி ஒப்பாரி

என் பாட்டுகளில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். அதுவும் என்னுடையது இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

நான் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவள். ஏற்காட்டைச் சுற்றி ஹோம்ஸ்டே, ரெசார்ட், காப்பிக் கடை என்று யார் கூப்பிட்டாலும் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போய்விடுவேன். அதைக் கச்சேரி என்று சொன்னால் கச்சேரிக்கே கோபம் வரும். புல்தரையில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், எதிரே பஜ்ஜி தின்றுகொண்டு முப்பது பேர். அவர்களில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சினிமாப் பாட்டுத் தெரியாதா என்று ஒருவராவது கேட்பார். தெரியும், பாடமாட்டேன் என்பேன். பிறகு எதற்கு வந்தாய் என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். பதிலுக்குப் பார்க்க என்னிடமும் ஒரு பார்வை உண்டு.

குடியிருப்பது நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் லைன் வீட்டில், அம்மாவோடு. ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். அம்மா இன்னும் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள். நான் பறிக்கப் போகாமல் பாடப் போவதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதை அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், என்னிடம் தவிர.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா. அக்கா என்றாலும் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள், பத்தொன்பது வயது. போன சீசனுக்கு முந்தின சீசனில், காடு முழுக்கப் பழம் சிவந்து கிடந்த நேரத்தில், அந்தப் பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் இரவு நினைவு தப்பி, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் லைனில் சாவு விழுந்தால் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒருவர் பாட மற்றவர் கேட்பது என்பது அங்கே கிடையாது. செத்தவளை முன்னால் வைத்துக்கொண்டு அவரவர் தன் தன் இழவை அழுவார்கள். என் அம்மா என் அப்பாவை அழுதாள். இன்னொருத்தி தன் தம்பியை அழுதாள். இருபது குரல் ஒரே நேரத்தில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்பது யாருக்கும் கேட்காது. நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கைபோட்டிருந்தேன். அந்தக் கையில் போன் இருந்தது.

எங்கே எந்த மெட்டுக் காதில் விழுந்தாலும் உடனே போனில் பிடித்து வைப்பது என் தொழில் பழக்கம். தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் பிடிப்பேன், பஸ் வளைவில் திரும்பும்போது முனகினாலும் பிடிப்பேன். அக்கா முதல் வரியை எடுத்தார்:

காடெல்லாம் பழம் பழுக்க – என் கண்ணு
நீ காயாவே போனதென்ன

கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது. நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அந்த அழுகை பொய் இல்லை. விரல் மட்டும் அழவில்லை.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். மறுநாள் கேட்டுப் பார்த்தபோது பதினோரு நிமிடம் ஓடியிருந்தது. போனில் எப்போதும் இடம் இருக்காது என்பதால் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவது என் வழக்கம். மெட்டு நன்றாக நின்ற இடம் நாற்பது நொடி. அதை வைத்துக்கொண்டேன். மிச்சத்தில் வேறு மெட்டு இருக்கிறதா என்று மட்டும் ஓட்டிப் பார்த்தேன், வார்த்தைகளைக் கவனிக்கவில்லை. பிறகு வெட்டிவிட்டேன். அந்த நாற்பது நொடியின் முடிவில் அக்கா அடுத்த வரிக்கு மூச்சை உள்ளே இழுக்கிறார். அந்த மூச்சோடு ஒலி நின்றுவிடுகிறது.

பத்தாம் நாள் பாட்டுத் தயார். "என் கண்ணு" என்ற இடத்தில் "என் அன்பே" என்று போட்டேன். "நீ காயாவே" என்பது "நாம் காயாகவே" ஆயிற்று. அவ்வளவுதான் வேலை. மகளை இழந்த தாயின் அழுகை, காதலனைப் பிரிந்தவளின் ஏக்கம் ஆகிவிட்டது.

வீட்டில் பழகிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, இது என்ன பாட்டு?"

"காதல் பாட்டும்மா."

"காதல் பாட்டு எதுக்கு எழவு ஊட்டுப் பாட்டாட்ட இருக்குது? சாவு இல்லாத ஊட்டுல அந்த ராகத்த இழுக்காத சாமி. நம்மளக் கூப்புடறாங்கன்னு வந்து நின்னுக்கும்."

"எது வந்து நிக்கும்?"

"எதோ ஒண்ணு" என்றாள். சொல்லிவிட்டு வாசலில் சூடம் கொளுத்தி வைத்தாள்.

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை வீட்டில் பாடவில்லை. வெளியே பாடினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ எடுத்த வீடியோ பலருடைய ஸ்டேட்டஸில் சுற்றியது. "அந்த அன்பே பாட்டுப் பாடுவீங்களா" என்று கேட்டுத்தான் பிறகு எல்லா இடத்திலிருந்தும் கூப்பிட்டார்கள்.

மூச்சு எப்போது கேட்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பல்லவியை முடித்து நான் மூச்சு வாங்குவதற்கு ஒரு கணம் முன்பே ஸ்பீக்கரில் இன்னொருவர் மூச்சு வாங்குவது கேட்டது. மைக்கின் கோளாறு என்று மைக்கை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். எதிரே இருந்தவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு நாள் மைக்கே இல்லாமல் பாடிப் பார்த்தேன், அன்றைக்கு என் தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டது. நாற்பது நொடியை அழித்தேன். அழித்த பிறகும் கேட்டது. சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குகைக்குள் குனிந்து நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பாட்டை நிறுத்திவிடுகிறேன் என்று மட்டும் வேண்ட மனம் வரவில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு பாட்டுதானே.

அக்காவின் கண்ணில் படாமலே ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைத் தவிர்ப்பது சாமானிய வேலை இல்லை. அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கதவைத் திறப்பேன். மகள் போன பிறகு அவர் பழம் பறிக்கப் போவதை விட்டுவிட்டார் என்பதும், எங்கோ சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்பதும் அம்மா சொல்லித் தெரியும். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கொட்டச்சேடு பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக்கு முன்னால் பாட வேண்டும். மூன்றாவது பாட்டாகவே "அன்பே" கேட்டார்கள். இரண்டாவது அடி பாடும்போது நிமிர்ந்தேன். சமையல்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சோப்பு நுரை.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினேன். அன்றைக்கு மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லை.

"புதுசா வந்த அக்காவுக்குப் பாட்டுன்னா நொம்ப இஷ்டமாட்ட இருக்குதுங்க" என்றார் ஹோம்ஸ்டேக்காரம்மா. "கழுவுன பாத்திரத்த அப்புடியே போட்டுப்போட்டு வந்து நின்னுட்டாங்க."

மறுநாள் மழை. மத்தியானம் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார் அக்கா. "கண்ணு, இங்க செத்த வந்துட்டுப் போ." மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, காற்றில் இருப்பது என்று மேடையில் நான் வழக்கமாக அளக்கிற பேச்சை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே மகளின் படம், சாமந்தி மாலை, முன்னால் சின்ன விளக்கு. அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிட்டது.

கருப்புக் காப்பி கொடுத்தார்.

"பாட்டு நல்லா இருந்துச்சு கண்ணு."

"அக்கா, நானு…"

"அது எம்பட பாட்டுத்தான?"

"ஆமாங்கக்கா."

"எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வார்த்தையத்தான் மாத்தீட்ட. எப்புடி அத்தன நெனப்பு வெச்சிருந்த?"

"அன்னிக்குப் போன்ல புடிச்சு வெச்சிருந்தேனுங்க."

திட்டினால் காலில் விழலாம் என்று காத்திருந்தேன். அக்கா திட்டவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போன்லயா? முச்சூடுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"காச்சல் வந்த மூணா நாளு சாயங்காலம் கடேசி பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சுட்டு நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, முடியலைங்கறா. எனக்குக் காலைல இருந்து பழம் பறிச்ச அலுப்பு. அவளும் வேலைக்கு டிமிக்கி குடுக்கோணும்னா தல வலிம்பா, வவுறு வலிம்பா. அதனால நடிக்காதடீன்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. நடிக்காம படு, காலைல போலாம்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்பறம் அவ பேசவே இல்ல. நான் அவகிட்டப் பேசுன கடேசிப் பேச்சு அதுதான்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை.

"பொணத்த எடுக்கற வரைக்கும் செத்தவங்களுக்குக் காது கேக்கும்பாங்க. அன்னிக்கு அழுதப்ப, பொறுத்துக்க சாமின்னு ஒரு வார்த்த அவகிட்டச் சொன்னனா? எனக்கு ஒண்ணுமே நெனப்புல இல்ல. உங்கம்மாவக் கேட்டேன், இன்னும் ரெண்டு பேரக் கேட்டேன். அவங்கவங்க அவங்கவங்களுக்கு அழுதாங்க, யாருக்குத் தெரியும்? ஒன்றர வருசமா ராவும் பகலும் இதேதான் நெனப்பு. உன்ற போன்ல இருக்குமில்ல? போட்டுக் காட்டு கண்ணு."

இருந்திருக்கும். அந்தப் பதினோரு நிமிடத்தில் எங்கோ இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மெட்டு இல்லை என்று நான் ஓட்டிவிட்ட இடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னாரா இல்லையா என்பது இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் நான் ஒன்றரை வருடம் கைதட்டு வாங்கினேன். அந்த நேரத்தில் என்மேல் எனக்கு வந்த வெறுப்புக்கு இன்றுவரை குறைவில்லை.

"போன்ல இப்ப இல்லீங்கக்கா" என்றேன். "ஆனா நான் கேட்டேன். நீங்க சொன்னீங்க."

"நெசமாலுமா?"

"நெசமாத்தானுங்க."

"எப்புடிச் சொன்னேன்? பாடிக் காட்டு."

ஒரு பாட்டுக் கட்ட எனக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு வரியை இருபது தடவை அடித்து எழுதுகிறவள் நான். அக்கா என் மணிக்கட்டை விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்தால் தெரிந்துவிடும். நினைவிலிருந்து எடுப்பவள் யோசிக்கமாட்டாள். என் தோளில் கைபோட்டுக்கொள்ளச் சொல்லி, நானும் அவர் தோளில் கைபோட்டுப் பாடினேன்:

கடேசி பஸ்ஸு ஹாரனடிக்க – என் கண்ணு
காலப் புடிச்சு நீ கேட்க
நடிக்காதன்னு சொன்னேனே – என் சாமி
நான் சொன்ன சொல்லப் பொறுத்துக்கடி

பாடி முடித்தேன். அக்கா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பிடித்ததாக அவர் சொல்லவில்லை, அதை நான்தான் போட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாங் கண்ணு" என்றார். "அப்புடித்தான் சொன்னேன்."

பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார். எங்கள் வீட்டிலிருந்து அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பாட்டை நான் இப்போது எங்கும் பாடுவதில்லை. கூப்பிடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மூச்சுச் சத்தம் கேட்பதில்லை. கேட்பது வேறு. தினமும் விடியற்காலையில், வேலைக்குப் போவதற்கு முன்னால், அக்கா மகளின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அந்த நாலு வரியையும் பாடுகிறார்.

"பாவம், அவளுக்கு எல்லாம் நெனப்பு வந்துருச்சாட்ட இருக்குது" என்றாள் அம்மா ஒரு நாள், காப்பியை ஆற்றிக்கொண்டே.

ஆமாம் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம், காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய மகளிடம் ஒரு தாய் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அவர் மாற்றவில்லை.